அச்சகக்காரன் மனசாட்சி

கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் எந்தச் சாமி பெயர் வரவேண்டும் என்பதை அச்சகக்காரன் தீர்மானிப்பதில்லை. அடிக்க வருகிற வீட்டார் தீர்மானிக்கிறார்கள். இராஜபாளையத்தில் அப்பா ஒரு ட்ரெடில் மெஷினும் ஈய எழுத்துமாகத் தொடங்கிய அச்சகத்தை இன்று ஆப்செட்டும் டிடிபியுமாக நான் நடத்துகிறேன். எங்கள் வட்டாரத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘ஸ்ரீ ஆண்டாள் துணை’ போடச் சொல்பவர்கள் அதிகம். மாரியம்மன் துணை, அய்யனார் துணை என்று குலதெய்வத்தைப் போடச் சொல்வார்கள். 786 போட்டு நிக்காஹ் பத்திரிகை அடித்திருக்கிறேன். சிலுவைக் குறியும் பைபிள் வசனமும் போட்டு அடித்திருக்கிறேன். சாமி பெயர் இல்லாமல், நல்ல நேரம் இல்லாமல், பெரியார் படம் மட்டும் போட்டு அடித்த பத்திரிகைகளும் உண்டு. நான் வைணவன். காலையில் திருமண் இட்டுக்கொண்டுதான் கடையைத் திறப்பேன்.

பெரியார் படம் போட்ட பத்திரிகையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது எங்கள் விருதுநகர் மாவட்டத்தில்தான். 1928-இல், அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்ற ஊரில். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை, அக்னி இல்லை. அன்றைய பக்திமான்கள் பலருக்கு அது கல்யாணமாகவே படவில்லை. 1950-களில் சென்னை உயர் நீதிமன்றமும் அப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. 1967-இல் அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகுதான் அந்தத் திருமணங்கள், முன்பு நடந்தவையும் சேர்த்து, சட்டப்படி செல்லுபடியாயின. அதுவரை அந்தக் கல்யாணங்களுக்குப் பத்திரிகை அடித்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அவர் நெற்றியிலும் நாமம் இருந்தது. இராகு காலத்தில் கல்யாணம் என்று போட்ட பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்து, ஓரம் கோணாமல் வெட்டி, கட்டுக் கட்டிக் கொடுத்தார். அதனால் அவர் பக்தி குறைந்துபோனதாக ஊரில் ஒருவரும் சொன்னதில்லை.

இந்தப் பின்னணியில் ஒரு கேள்வியை வைக்கிறேன். ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் மணம் செய்துகொள்கிறார்கள். பத்திரிகை அடிக்க, மாலை கட்ட, சமைக்க, மண்டபம் எடுக்க ஒரு கடைக்காரரிடம் வருகிறார்கள். ‘என் மதம் இதை ஏற்கவில்லை, என்னால் முடியாது’ என்று அவர் திருப்பி அனுப்பலாமா? அவருடைய மத சுதந்திரம் முந்துமா, வந்தவரைப் பாகுபாடு இல்லாமல் நடத்த வேண்டும் என்ற விதி முந்துமா? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கனடாவிலும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்கள் உழன்ற கேள்வி இது. எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு திருமணத்தை நடத்திவைப்பவரின் மனசாட்சியில் யாரும் கைவைக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் திறந்துவைத்த கடை வேறு. அதன் வாசலில் யாரையும் நிறுத்தி ‘நீ யார்’ என்று சோதிக்கிற உரிமை பக்தி உள்ள கடைக்காரருக்கும் கிடையாது. இதைச் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. என் சமயத்திலிருந்தே சொல்கிறேன்.

சில காலம் முன்பு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் வீட்டுக் காதுகுத்து முதல் அறுபதாம் கல்யாணம் வரை எல்லாம் எங்கள் அச்சகத்தில்தான். மகள் டொராண்டோவில் இருக்கிறாள். அங்கே ஒரு பெண்ணை அந்த நாட்டுச் சட்டப்படி மணந்திருக்கிறாள். கனடா முழுவதும் 2005 முதல் அத்தகைய திருமணம் செல்லும். இரண்டு பேரும் ஊருக்கு வருகிறார்கள், நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் வீட்டில் ஒரு விருந்து வைக்கப்போகிறோம், கொஞ்சம் பத்திரிகை போதும் என்றார். எழுதிக் கொண்டுவந்த மேட்டரை மேசையில் வைத்தார். மேலே ‘ஸ்ரீ ஆண்டாள் துணை’. இரண்டு பெயர்களுக்கு முன்னாலும் ‘திருவளர்செல்வி’. வருகையை விரும்பும் இடத்தில் அவர் பெயரும் அம்மாவின் பெயரும்.

“உங்களுக்குச் சங்கடம்னா சொல்லிருங்க தம்பி. நான் மதுரையில பாத்துக்கிடுதேன்” என்றார்.

எனக்குச் சங்கடம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆணும் பெண்ணும் கைப்பிடிப்பதுதான் திருமணம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். பங்குனி உத்திரத்தில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் நடக்கும் திருக்கல்யாணத்தைப் பார்த்துப் பார்த்து என் மனசில் கல்யாணம் என்பதற்கு ஓர் உருவம் பதிந்துபோயிருக்கிறது. அக்னி வளர்த்துச் செய்யும் அந்தச் சடங்கின் இலக்கணத்தை மாற்றிச் சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் பெரியவர் என்னிடம் சடங்கு செய்துவைக்கச் சொல்லவில்லை. என் அபிப்பிராயத்தையும் கேட்கவில்லை. தன் மகளை ஊருக்கு அழைத்துவருகிறார், சொந்தக்காரர்களைக் கூப்பிட ஒரு தாள் வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

மேட்டரை வாங்கி டிடிபி பார்க்கும் தம்பியிடம் கொடுத்தேன். அவர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். வேலையில் சுத்தம், பேச்சில் பணிவு. வாசித்துவிட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. இதை என் கையால போட முடியாது” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அது நடிப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை என்று தெரியும். “சரி தம்பி, நீங்க அந்தப் பில் புக் வேலையை எடுத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு நானே உட்கார்ந்து கம்போஸ் செய்தேன். சிவகாசி அட்டையில் பெரியவர் விரும்பிய மாடலிலேயே அடித்து, நாலு ஓரத்திலும் மஞ்சள் தடவிக் கொடுத்தோம். எல்லாரிடமும் வாங்குகிற அதே விலைதான்.

அன்று என் கடையில் இரண்டு மனசாட்சிகள் இருந்தன, இரண்டும் கெடாமல் வேலை முடிந்தது. இது எப்படி முடிந்தது என்று பிறகு யோசித்தேன். தம்பி மறுத்தபோது மறுத்தது ஒரு தனி மனிதரின் கை. அவர் நகர்ந்ததால் பெரியவர் எதையும் இழக்கவில்லை, ஒருவர் மறுத்தார் என்பதே அவருக்குத் தெரியாது. நானும் மறுத்திருந்தால் அது கடையின் மறுப்பு. வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே ‘உன் வீட்டு விசேஷம் இங்கே விசேஷம் ஆகாது’ என்று சொல்வதற்குச் சமம். முதலாவதற்கு இடம் கொடுக்க முடியும். இரண்டாவதற்கு இடம் கொடுத்தால் கடைத்தெரு என்ற ஒன்றே இருக்க முடியாது.

மேலே இருந்த அந்த மூன்று சொல், ‘ஸ்ரீ ஆண்டாள் துணை’, அதைப் பற்றித்தான் நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். “அடிச்சது சரி, தாயார் பேரைப் போட்டு அடிக்கலாமா?” என்றார்கள். சமயக் கேள்வி இங்கேதான் இருக்கிறது.

மார்கழி தோறும் திருப்பாவைப் புத்தகம் அடித்துக் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறேன். அது கைங்கரியம். அன்று குளித்துவிட்டுத்தான் மெஷினைத் தொடுவோம். தாள் தரையில் படக் கூடாது, செருப்புக் கால் உள்ளே வரக் கூடாது. எந்தத் தாள், எந்த எழுத்து, அட்டையில் எந்தப் படம் எல்லாம் என் முடிவு. வேறொருவர் காசு கொடுத்து ‘இதில் என் கடை விளம்பரம் போடு’ என்றால் முடியாது என்பேன். அதில் யாரும் என்னை நிர்ப்பந்திக்க முடியாது, நிர்ப்பந்திக்கவும் கூடாது. மறுநாள் அதே மெஷினில், அதே மையில், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு லேபிள் அடிப்பேன். அது தொழில். கைங்கரியத்தில் நான் கொடுப்பவன், அதன் விதி எனக்கும் பெருமாளுக்கும் நடுவில் உள்ளது. தொழிலில் வருகிறவர் விலை கொடுக்கிறார், அதன் விதி ஊருக்குப் பொது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் இந்த வழக்குகள் எல்லாம் பிறக்கின்றன என்று நினைக்கிறேன். தொழிலைக் கைங்கரியம்போல் மனசுத்தியோடு செய்யலாம், செய்யவும் வேண்டும். அதற்காக வாடிக்கையாளரைப் பக்தனாக வடிகட்டக் கூடாது.

ஆண்டாள் பெயருக்கு வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. பெரியாழ்வார் நந்தவனத்தில் பறித்துக் கட்டி வைத்த மாலையை மகள் சூடிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறாள். ஒருநாள் அதில் தலைமுடி இருப்பதைக் கண்டு ஆழ்வார் பதறுகிறார். தோஷப்பட்ட மாலையைப் பெருமாள் ஏற்கமாட்டார் என்பது அவர் கற்ற ஆசாரம். அதை ஒதுக்கிவிட்டு வேறு மாலை கட்டுகிறார். அவள் சூடியதுதான் வேண்டும் என்று பெருமாள் சொல்லிவிடுகிறார். அந்த வழக்கம்தான் இன்றும் தொடர்கிறது. ஆண்டாள் சூடிய மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்துக்குப் போகிறது, சித்திரையில் மதுரைக்கு அழகருக்குப் போகிறது.

தன்பாலினத் திருமணத்தைச் சாஸ்திரம் ஒப்புகிறது என்று நிறுவ நான் இந்தக் கதையை எடுக்கவில்லை. அந்த முடிச்சை அவிழ்க்கும் அளவுக்குக் கதையை இழுப்பது கதைக்குச் செய்யும் மரியாதை இல்லை. எனக்குத் தெரிவது இன்னும் சின்ன விஷயம். மாலை கட்டியவர் ஆழ்வார். அவரைவிடப் பெருமாளை அறிந்தவர் அந்த ஊரில் இல்லை. எதைப் பெருமாள் தள்ளுவார் என்பதில் அவருக்கே அன்று தீர்ப்பு வேறாக வந்தது. ஏற்பதும் தள்ளுவதும் கட்டியவர் கையில் இல்லை. அப்படியிருக்க, யார் வீட்டு விருந்துக்கு ஆண்டாள் துணை நிற்பாள், யார் வீட்டுக்கு நிற்கமாட்டாள் என்று இராஜபாளையத்து அச்சகக்காரன் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வது எந்த வகையில் பக்தி? ஒரு தகப்பன் அவளைத் துணைக்கு அழைக்கிறார். அழைப்பைத் தடுக்க நான் யார்?

மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் வக்கீல்கள் பலர் எனக்குப் பழக்கம். அவர்களில் ஒரு நண்பரிடம் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைக் காட்டினார். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணங்களால் மட்டும் எந்தக் குடிமகனையும் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் நுழைய விடாமல் தடுக்கக் கூடாது. இது அரசாங்க அலுவலகத்துக்குப் போட்ட விதி இல்லை, கடைக்காரருக்கே போட்ட விதி. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, கடை என்பதில் எதெல்லாம் அடங்கும் என்று உறுப்பினர்கள் கேட்டார்கள். தன் சேவையை நாடி வருகிற எவருக்கும் அதைக் கொடுக்கத் தயாராக இருக்கும் இடம் எல்லாமே கடைதான் என்ற பரந்த அர்த்தத்தில் அம்பேத்கர் விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கத்துக்குள் என் அச்சகமும் வருகிறது, பக்கத்துப் பூக்கடையும் வருகிறது, சமையல் காண்ட்ராக்டரும் வருகிறார்.

அந்த விதி ஏன் தேவைப்பட்டது என்பதை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்பா காலத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் கடைக்கு வந்து, இன்ன தெருக்காரர்களுக்கு எங்கள் வீட்டுப் பத்திரிகை மாடலிலேயே அடித்துக் கொடுக்காதீர்கள், ‘திருவாளர்’ போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். முடி வெட்ட மறுத்தார்கள், துணி வெளுக்க மறுத்தார்கள், டீக்கடையில் தனி டம்ளர் வைத்தார்கள். மறுத்தவர்களில் பலர் அயோக்கியர்கள் இல்லை. சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது, மீறினால் பாவம் என்று உண்மையாகவே நம்பினவர்கள். 1897-இல் நாடார்கள் கமுதி கோயிலில் நுழைந்ததற்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அவர்களுக்கு நுழையும் உரிமை இல்லை என்று 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை தீர்ப்பாயிற்று. அதற்கும் மத வழக்கமே ஆதாரமாக இருந்தது. நம்பிக்கை உண்மையானது என்பதால் மட்டும் அதன் பேரில் செய்யும் மறுப்பு நியாயமாகிவிடாது என்பதை நாம் காசு கொடுக்காமல் கற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் அவமானப்பட்டுக் கற்றுக்கொடுத்தார்கள்.

அமெரிக்காவிலும் இதே பாடம் உண்டு. தென் கரோலினாவில் இறைச்சி உணவகங்கள் நடத்திய ஒருவர், கறுப்பின மக்களை உட்காரவைத்துப் பரிமாறுவது தன் மதத்துக்கு விரோதம் என்று வாதாடினார். 1968-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைப் பொருட்படுத்தவே இல்லை.

மத சுதந்திரம் தரும் 25-ஆம் பிரிவையும் வக்கீல் நண்பர் வாசித்துக் காட்டினார். மனசாட்சி சுதந்திரம் எல்லாருக்கும் சமம் என்கிறது. ஆனால் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கும் மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்டு என்று தொடங்கித்தான் அதைத் தருகிறது. சமத்துவம் அந்த மற்ற உரிமைகளில் ஒன்று.

தன்பாலினத் தம்பதிகள் விஷயத்தில் இன்றைய நிலைமை அரைகுறையாக இருக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று 377-ஆம் பிரிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்கள் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. பால் அடிப்படையிலான பாகுபாடு என்பதில் பாலின ஈர்ப்பை வைத்துச் செய்யும் பாகுபாடும் அடங்கும் என்று அந்த அமர்வின் நீதிபதிகள் சிலர் எழுதினார்கள். 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமை அல்ல என்றார்கள், சட்டம் செய்வது நாடாளுமன்றத்தின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும், குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்தெடுத்த குடும்பம் என்ற ஒன்றும் உண்டு என்று தீர்ப்பு எழுதினார்கள். திருநங்கை, திருநம்பியர் விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. பொதுமக்களுக்கென்று இருக்கும் பொருளையோ சேவையையோ அவர்களுக்கு மறுக்கக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தூத்துக்குடியில் கோயிலில் மணந்துகொண்ட ஓர் ஆணும் திருநங்கையும் பதிவு மறுக்கப்பட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார், பதிவு செய்யுங்கள் என்று 2019 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தம்பதி நாளை ஒரு வரவேற்புப் பத்திரிகை அடிக்க வந்தால் என் மதத்தைக் காட்டி நான் திருப்பி அனுப்ப முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியரின் மகளுக்கு மட்டும் முடியும் என்றால், அந்த வித்தியாசத்துக்கு என்ன நியாயம்?

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். ‘பூவும் சோறும் வேறு, எழுத்து வேறு. நான் நம்பாததை என் தொழில் வழியாக என்னையே சொல்லவைப்பது கொடுமை.’ இதை நான் மதிக்கிறேன். இதில் என் தொழிலுக்கு நெருங்கின வழக்கே ஒன்று உண்டு. டொராண்டோவில் ஸ்காட் பிராக்கி என்ற அச்சகக்காரர், தன்பாலினத்தவர் வரலாற்றுக் காப்பகம் ஒன்றுக்கு லெட்டர்ஹெட், கவர், விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுக்க 1996-இல் மறுத்தார். அவர் கிறிஸ்தவர். 2000-இல் 5,000 டாலர் இழப்பீடு கட்டச் சொன்னார்கள். 2002-இல் மேல்முறையீட்டில் ஒன்ராறியோ நீதிமன்றம், மறுத்தது தவறுதான் என்று உறுதி செய்துவிட்டு ஒரு வரம்பும் வைத்தது. லெட்டர்ஹெட் போன்ற சாதாரண வேலையை மறுக்கக் கூடாது, அவர் நம்பிக்கையின் அடிப்படைக்கே நேர் விரோதமான கருத்தைப் பரப்பும் பிரசுரத்தை அடிக்க வற்புறுத்தவும் கூடாது என்றது.

வட அயர்லாந்தில் ஆஷர்ஸ் என்ற பேக்கரி, தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகம் எழுதிய கேக்கைச் செய்ய மறுத்தது. 2018-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் பேக்கரி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் மறுத்தது வாசகத்தை, வந்த மனிதரை அல்ல, அதே வாசகத்தை வேறு யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பார்கள் என்றது. இந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகப் படுகிறது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லோரி ஸ்மித் என்ற இணையதள வடிவமைப்பாளருக்கு ஆதரவாக ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது. தன்பாலினத் திருமணத்துக்கு இணையதளம் செய்துகொடுக்க அவரை வற்புறுத்தக் கூடாது, அது அவருடைய பேச்சுரிமை என்றது. இந்தத் தீர்ப்போடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

காரணத்தை என் மேசையிலிருந்தே காட்டுகிறேன். கல்யாணங்களுக்கு வாழ்த்து மடல் எழுதித் தரச் சொல்வார்கள். நானே யாப்புப் பார்த்து எழுதி, என் பெயரைப் போட்டு, பிரேமுக்குள் மாட்டி மேடையில் வாசிப்பது. அது என் குரல். மனசு ஒப்பாத இடத்தில் எழுதமாட்டேன், யாருக்கும் எழுதமாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அழைப்பிதழ் அப்படி அல்ல. அதில் பேசுகிறவர்கள் வீட்டார். அவர்கள் பெயர்தான் அழைப்பின் கீழே இருக்கிறது. கடைசியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் வரும். அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்ற வழக்கம் 1867-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்தது. எங்கே அச்சானது என்று அது சொல்லும், அச்சிட்டவர் ஆசி கூறினார் என்று யாரும் படித்ததில்லை. பெரியார் படம் போட்ட பத்திரிகையில் அப்பாவின் அச்சகப் பெயர் இருந்தபோது அவரை யாரும் நாத்திகர் என்று நினைக்கவில்லை.

படைப்பாற்றல் சேர்ந்த வேலை எல்லாம் பேச்சு என்று எடுத்துக்கொண்டால் நம் ஊர்க் கல்யாணத்தில் யார் மிச்சம்? நாதஸ்வர வித்வான் கலைஞர். மணவறை ஜோடிப்பவர் கலைஞர். மருதாணி போடும் பெண் கலைஞர். போட்டோக்காரர், பூக்காரர், சாம்பாருக்குக் கைப்பக்குவம் உள்ள சமையல்காரர் எல்லாரும் கலைஞர்கள்தான். ஒவ்வொருவரும் ‘இது என் பேச்சு’ என்று ஒதுங்கலாம் என்றால் ஒரு குடும்பத்துக்குப் பந்தலில் ஒரு வாழைமரம்கூட நிற்காது. அதனால் நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் எளியது. இதே வேலையை, இதே வாசகங்களோடு, இன்னொரு குடும்பத்துக்குச் செய்வேனா? செய்வேன் என்றால், இவருக்கு மட்டும் மறுப்பது ஆளைப் பார்த்து மறுப்பது. யாருக்குமே செய்யமாட்டேன் என்றால், அது கருத்தைப் பார்த்து மறுப்பது. பெரியவர் கொண்டுவந்த மேட்டரில் இருந்த ஒவ்வொரு வரியையும் நான் மற்ற வீடுகளுக்கு அடித்திருக்கிறேன். மாறியது ஒரு பெயர் மட்டும்.

‘வேறு கடை இல்லையா, சிவகாசி முழுக்க அச்சகம்தானே’ என்பார்கள். பெருநகரத்தில் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் இருக்கலாம். அங்கே ஒரு கடையில் மறுத்தால் அடுத்த தெருவில் முகம் தெரியாதவர் இருப்பார். எங்கள் ஊர்களில் ஒரு கடையின் மறுப்பு சாயங்காலத்துக்குள் டீக்கடைப் பேச்சாகிவிடும். காலையில் அச்சகம் மறுத்தது தெரிந்தால் மாலையில் மண்டபக்காரர் யோசிப்பார், சமையல்காரருக்குப் பயம் வரும். யாரும் கூடிப் பேசாமலேயே அந்தக் குடும்பம் ஊர்விலக்கு ஆகிவிடும். மதுரையில் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரியவர் முதலிலேயே சொன்னது அதனால்தான். தன் ஊரில் தனக்கு இடமில்லாமல் போகலாம் என்று அவர் தயாராக வந்திருந்தார். வாழ்நாளெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒரு மனிதரை அந்த நிலைமைக்குத் தள்ளுவதற்கு நான் கும்பிடும் பெருமாளின் பெயரைப் பயன்படுத்துவது எனக்கு அபசாரமாகப் படுகிறது.

நாளைக்கு இதற்கென்று ஒரு சட்டம் வரலாம், வரவேண்டும் என்றே நினைக்கிறேன். அப்படி வரும்போது புரோகிதரையும் பாதிரியாரையும் இமாமையும் அது தொடக் கூடாது. சடங்கை நடத்திவைப்பவர் கடவுள் முன்னால் நின்று பேசுகிறார், அவரைக் கட்டாயப்படுத்தினால் அது சடங்கே இல்லை. கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் தம் வழிபாட்டு இடத்துக்குள் யாருக்கு எந்தச் சடங்கு என்பதைத் தம் மரபுக்குள் பேசித் தீர்க்கட்டும். அந்த விவாதம் அவர்களுக்கு உள்ளேயே நடக்க வேண்டியது. கடையில் வேலை பார்க்கும் என் தம்பியைப் போன்றவர்களுக்கு, வேறு கை இருக்கும்வரை விலகிக்கொள்ள வழி இருக்கட்டும், அதற்காக அவர் சம்பளமோ வேலையோ போகக் கூடாது. ஆனால் வாடகைக்கு விடும் மண்டபம், பூக்கடை, சமையல், போட்டோ ஸ்டுடியோ, அச்சகம், இவற்றின் வாசல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கல்யாணத் தொழிலில் இருக்கிற நாம் நம் சங்கக் கூட்டங்களில் விலைவாசியும் ஜிஎஸ்டியும் பேசுகிறோம். இதையும் பேசலாம். யாரையும் வாசலிலிருந்து திருப்புவதில்லை என்று நமக்கு நாமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது, தம்பியே பிறகு என்னிடம் கேட்டார். “கடையில நான் ஒருத்தன்தான் இருக்கேன், அப்ப அவங்க வந்தா என்ன செய்ய அண்ணாச்சி?” வேலையை வாங்கி வையுங்கள், மரியாதையாக உட்காரச் சொல்லுங்கள், நான் வந்து செய்கிறேன் என்றேன். அவர் அதற்குச் சம்மதித்தார். எனக்கு அந்த வசதி கிடையாது. கடை என் பெயரில் இருக்கிறது. வேறு கை இல்லாத நாளில் என் கைதான் அந்தப் பத்திரிகையை அடிக்க வேண்டும், அடிக்கும். கடையைத் திறந்தபோதே நான் ஏற்றுக்கொண்ட கடமை அது. அதைச் செய்துவிட்டு மறுநாள் காலை திருமண் இட்டுக்கொள்வதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.